சிச்சேர்க்கியா என்றொரு காட்டுப் பயறு

கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே கண்ணாடி போடத் தொடங்கிவிட்ட என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "மம்மா, அப்ப நீங்கள் ஏன் கத்தேல்லை?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், நம்மில் பாதிப்பேர் ஏதோ ஒரு வீட்டின் ஏதோ ஒரு மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு வளர்ந்தவர்கள். ஏன் கத்தவில்லை என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

போன வைகாசியில் பகேரியாவிலிருந்து மகளோடு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வண்டி எதற்கோ நடுவழியில் நின்றது. பாதையோரப் பற்றைக்குள் அந்தக் கொடி. மேலிதழ் கடுஞ்சிவப்பு, பக்கத்து இதழ்கள் ஊதா. வேலிக் கம்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது, இருந்தாலும் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. மகள் ஜன்னல் கண்ணாடியில் போனை வைத்துப் படம் பிடித்தாள். போன் ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிட்டது: லாத்திருஸ் கிளிமேனும். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு நான் கேள்விப்பட்ட ஐந்தாவது பெயர் அது.

இத்தாலிக்காரருக்கு அது சிச்சேர்க்கியா. அந்த இனத்தில் பல உண்டு, எல்லாவற்றையும் பொதுவாக அப்படித்தான் சொல்வார்கள். அம்மா கண்டவுடன் காட்டுப் பயறு என்றார். அப்பா காணாமலே காக்கணங்கொடி என்றார். நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. தங்கச்சி. எட்டு வயதில், நாலு மாதம் கதைக்க ஆளில்லாமல் இருந்தால் நீங்களும் அப்படித்தான் ஏதாவது வைத்திருப்பீர்கள்.

நான் இங்கே வந்தது ஒரு பங்குனி மாதம். அம்மா எனக்கு முந்தியே வந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், கணவனை இழந்த ஒரு சின்யோராவின் வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். அப்பா மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். இரவில் ஸ்தாசியோனே பக்கம் ஓர் அறையில் ஆறு ஆண்களோடு படுப்பார். என்னைக் கூப்பிடும் விண்ணப்பம் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் கிடந்தது. ஊரில் என்னை வைத்திருந்த பெரியம்மா சண்டையால் இடம்பெயர வேண்டி வந்தபோது அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு முகவரைப் பிடித்து, விண்ணப்பத்தை முந்திக்கொண்டு என்னை எடுப்பித்துவிட்டார்.

"பத்து நாள்தான். அதுக்குள்ளை ஒரு இடம் பாத்திடுவன்," என்றார் அப்பா. அப்பாவின் பத்து நாள் எப்படியென்று அம்மாவுக்குத் தெரியும், ஆனால் ஆறு ஆண்கள் படுக்கும் அறையில் பெண்பிள்ளையை விட முடியாது. சின்யோராவோ வேலைக்கு எடுக்கும் போதே சொல்லியிருந்தார்: இந்த வீட்டில் நீ மட்டும். புருசன், பிள்ளை, சொந்தம் ஒன்றும் படியேறக் கூடாது. எங்களுக்கு முதல் இருந்த பெண் தன் தங்கையை இரண்டு இரவு படுக்க வைத்தாளாம். மூன்றாம் நாள் இரண்டு பேருடைய பெட்டியும் படிக்கட்டில் இருந்ததாம். அம்மாவின் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்கிற அனுமதியை, புதுப்பிக்க சின்யோராவின் கையெழுத்து வேண்டும். அம்மாவின் பெர்மெஸ்ஸோ இருந்தால்தான் என்னுடைய விண்ணப்பம் நகரும். ஆகவே நான் இங்கே சட்டப்படி இருக்க வேண்டுமானால், முதலில் நான் இங்கே இல்லை என்று சின்யோரா நம்ப வேண்டும்.

மொட்டைமாடியில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று இருந்தது. கல்தொட்டி, ஒரு குழாய், மூலையில் ஒரு கழிப்பறைக் குழி, கதவுக்கு மேலே ஒரு கம்பி ஜன்னல். மற்ற வீட்டுக்காரர் எல்லோரும் தங்கள் பல்கனிகளிலேயே உடுப்புக் காயவிட்டதால் அங்கே அம்மாவைத் தவிர ஒருவரும் ஏறுவதில்லை. கீழ் வாசல் காவற்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து அம்மா என்னைக் கையில் பிடித்து ஐந்து மாடியும் ஏற்றிவிட்டார். அந்தத் துணிவு ஒருமுறைதான் வந்தது. திரும்ப இறக்க அம்மாவால் முடியவில்லை.

அந்த அறைக்கு நேர் கீழேதான் சின்யோரா பகல் முழுக்க இருக்கும் அறை. கண் மங்கல், ஆனால் பாம்புக் காது. அம்மா முதல் நாளே சட்டம் வைத்தார். "இருமல் வந்தால் தலாணியிலை இரும வேணும். தண்ணியைக் கையாலை ஏந்தி விட வேணும், தொட்டியிலை விழப்படாது. நடக்கிறதெண்டால் நுனிக்காலிலை நடக்க வேணும். குதிக்கால் நிலத்திலை முட்டப்படாது. விளங்குதோ பிள்ளை?"

"ஓம்."

"மெதுவாச் சொல்லு."

செத்துப்போன சின்யோரின் கம்பளிக் காலுறைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் இரண்டு சோடியை ஒன்றன்மேல் ஒன்றாக எனக்கு மாட்டிவிட்டார் அம்மா. முழங்கால் வரைக்கும் வரும். பழுப்பு நிறம், பூச்சி உருண்டை மணம். அந்தக் காலுறைகள் பிறகு எங்கே போயினவோ தெரியாது. இப்போதும் குளிர்காலத்தில் அலுமாரியைத் திறக்கும்போது அந்த மணம் வந்தால் என் குதிக்கால் தன்பாட்டில் மேலே எழும்பும்.

இரவுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களுக்கு அம்மா மேல் கோபம் வரும்.

பகலில் அம்மா மூன்று தரம் வருவார், உடுப்புக் கூடையோடு. மேலே ஈர விரிப்பு, கீழே ஒரு கிண்ணத்தில் பாஸ்தாவோ சோறோ. நான் சாப்பிடும்வரை விரிப்பை உதறி உதறிக் காயவிட்டுக்கொண்டிருப்பார். ஒரு விரிப்பை எத்தனை தரம் உதறலாம்? சின்யோரா கீழிருந்து மணி அடித்ததும் போய்விடுவார். பிறகு எனக்கு மிச்சமிருந்தது சத்தங்கள்தான். ஸ்தாசியோனேயின் ஒலிபெருக்கி, பகேரியா வண்டி புறப்படும் ஊதல், சந்தைப் பக்கமிருந்து மீன்காரனின் கூப்பாடு. வெளியே எல்லோரும் வாய்விட்டுக் கத்தினார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் பொறாமையாக இருந்தது.

பக்கத்தில் எப்போதோ குண்டு விழுந்து இடிந்த ஒரு வீடு, அப்படியே விட்டிருந்தார்கள். அதன் சுவர் எங்கள் மொட்டைமாடியை முட்டிக்கொண்டு நின்றது. அந்த வெடிப்புக்குள்ளிருந்துதான் கொடி வந்தது. முதல் வாரம் நூல்போன்ற இரண்டு இலைகள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு விரலளவு. இலையின் முடிவில் மெல்லிய சுருள் ஒன்று இருக்கும். அது காற்றில் தடவித் தடவி எதையாவது தேடும். காலையில் சும்மா ஆடிக்கொண்டிருந்த சுருள் பின்னேரம் ஜன்னல் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருக்கும். நான் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்து பார்த்தேன். ஒரு முழுப் பகல் இருந்தேன். விரலையும் அது பிடித்தது. அன்றைக்கு அழுதேன், தலாணிக்குள் முகத்தை வைத்து.

"உதுக்கென்ன பேர் அம்மா?"

"காட்டுப் பயறு. உதை விடு, சாப்பிடு."

அப்பாவுக்குத் திங்கட்கிழமை ஓய்வு. படியேற முடியாது, ஆகவே எதிரே பஸ் நிற்குமிடத்தில் வந்து நிற்பார். அம்மா சொல்லித்தந்த நேரத்துக்கு நான் வாளியைக் கவிழ்த்து அதில் ஏறி, கொடியை ஒதுக்கிவிட்டுக் கம்பிக்குள்ளால் பார்ப்பேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். அதுதான் எனக்கு வணக்கம். பஸ் வரும், போகும். அடுத்தது வரும், போகும். அவர் ஏறமாட்டார். ஐந்தாறு பஸ் போன பிறகு, பக்கத்தில் நிற்கிற ஆட்கள் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்க, எதிலாவது ஏறிப் போய்விடுவார். பத்து நாளில் இடம் பார்க்கிறேன் என்றவர் பதினாறு திங்கட்கிழமை வந்து நின்றார். அவர்மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. அறைகேட்டுப் போன வீடுகளிலெல்லாம் அவருக்கு என்ன சொன்னார்கள் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவுக்கு விடுமுறை. இங்கே வீட்டுவேலை செய்தவர்களுக்கு அந்த வியாழன் தெரியும். எல்லோரும் அன்றைக்குச் சந்தித்துக் கதைத்துச் சிரித்து, தபாற்கந்தோர் போய், கடை பார்த்துத் திரும்புவார்கள். அம்மா நல்ல சட்டை உடுத்து, கைப்பை எடுத்து, "போயிட்டு வாறன் சின்யோரா" என்று கதவைச் சாத்திக்கொண்டு இறங்குவார். இரண்டு மாடி கீழே போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு திரும்ப மேலே ஏறி வருவார். நாலு மணித்தியாலம் நானும் அம்மாவும் அந்தக் கல்தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு குசுகுசுப்போம். ஏழு மணிக்கு முதலாம் மாடிவரை இறங்கி, செருப்பைப் போட்டு, சத்தமாக ஏறி வந்து மணி அடிப்பார். "இண்டைக்கு எங்கை போனனீ?" என்று சின்யோரா கேட்பாராம். அம்மா ஒவ்வொரு வியாழனும் ஒவ்வொரு இடம் சொல்ல வேண்டும். அந்த வருடம் அம்மா கால் வைக்காத இடமெல்லாம் பார்த்துவிட்டார்.

அப்படியொரு வியாழனில்தான் கொடியின் பெயருக்காகச் சண்டையும் வந்தது. "அப்பாட்டைச் சொன்னன். நீலப் பூவெண்டால் காக்கணங்கொடிதானாம்," என்றார் அம்மா.

"காக்கணத்திலை இப்பிடிக் காய் வருமோ?"

"உன்ரை அப்பாவுக்கு எல்லாம் காக்கணம்தான்." அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. சத்தமில்லாமல் சிரிக்க அவரும் பழகிவிட்டிருந்தார்.

சித்திரை முடிய பூ உதிர்ந்து காய் வந்தது. தட்டையாக, பச்சையாக, உள்ளே ஆறேழு மணி. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டேன். பச்சைப் பயற்றின் இனிப்பு. பிறகு அதுவே பொழுதுபோக்காகிவிட்டது. பசிக்காக இல்லை, அம்மா கொண்டுவருவது போதும். செய்வதற்கு ஒன்றுமில்லாத பிள்ளை வேறென்ன செய்யும்? காலையில் பத்து, பின்னேரம் பத்து. அம்மா கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. கீரை காய் கிள்ளித் தின்னாத பிள்ளை உண்டா?

ஆனி மாதம் வெய்யில் ஏறியது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வீசும் அந்த வெக்கைக் காற்று, ஷிரொக்கோ, இரண்டு நாள் அடித்ததும் கொடி முழுக்கக் காய்ந்து பழுப்பாகிவிட்டது. அப்போதுதான் தங்கச்சி எனக்கு எதிரியானாள். காய்ந்த காய் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். டக். மணிகள் அறையின் தகரக் கூரையில் தெறித்து உருளும். முதல் காய் வெடித்தபோது நான் நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். கீழேயிருந்து சின்யோரா அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. நான் மூச்சை அடக்கிப் பழகிவிட்டேன், கொடிக்கு யார் சொல்லுவது? அன்றிலிருந்து விடிந்ததும் அதுதான் வேலை. வெடிக்கப்போகிற காய்களாகப் பார்த்து, ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி, உள்ளங்கைக்குள் வைத்துப் பிரித்து, மணிகளை ஒரு காலுறைக்குள் போட்டேன். ஆனி முடிய காலுறை குதிக்கால் வரை நிரம்பியிருந்தது.

ஆடிப்பிறப்புக்கு முதல் வியாழன் அம்மா சோர்ந்துபோய் வந்து இருந்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த பனங்கட்டி ஒரு குட்டான் அப்பா மூலம் கிடைத்திருந்தது. ஆடிப்பிறப்புக் கூழுக்குத் தேங்காய் வாங்கலாம், அரிசிமா இடிக்கலாம். பயறு மட்டும் இல்லை. அப்போது இங்கே நம் கடைகள் ஏது?

"கடையிலை லென்டிக்கியாப் பருப்பு இருக்கு எண்டீங்கள்," என்றேன்.

"லென்டிக்கியா போட்டுக் காய்ச்சினால் அது கூழே? அது சூப்."

நான் காலுறையை எடுத்து அம்மாவின் மடியில் கவிழ்த்தேன். அம்மா ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். இன்னொன்றைக் கடித்தார். முகம் மலர்ந்ததை நான் அந்த நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் கண்டேன்.

"பயறு மாதிரித்தான் கிடக்கு பிள்ளை. வறுத்துக் குத்திக் கோது போக்கினால் ஒருத்தருக்கும் தெரியாது."

ஆடி முதலாம் திகதி காலை அம்மா கூழ் காய்ச்சினார். கோது போக்கிய பருப்பு மஞ்சளாக, அசல் பயற்றம்பருப்பாகவே இருந்ததாம். எனக்கு முதல் கிண்ணம் கூடைக்குள் வந்தது. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் மிளகும். நான் கிண்ணத்தை நக்கினேன்.

இனி நடந்தது கீழ் வீட்டில். நான் காணவில்லை, அம்மா பிறகு சொல்லிச் சொல்லி எனக்கும் கண்டது போலாகிவிட்டது. சின்யோராவின் இத்தாலியும் என் நினைவில் தமிழாகத்தான் இருக்கிறது. வாசம் பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்த சின்யோரா, எனக்கு இல்லையா என்று கேட்டாராம். ஆடிப்பிறப்பன்று கேட்ட வாய்க்கு இல்லையென்று சொல்லலாமா? அம்மா ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கிண்ணம் குடித்தார் சின்யோரா. இதற்குள் என்ன பருப்பு என்று கேட்டார். அம்மாவும் பெருமையாக, மிஞ்சிய மணிகளை ஒரு கோப்பையில் கொண்டுவந்து காட்டினார்.

சின்யோரா மங்கல் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். விரலால் உருட்டினார். "சிச்சேர்க்கியா," என்று சொல்லிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இதை எங்கை எடுத்தனீ?"

"மேலை சுவரிலை நிண்டது சின்யோரா."

"சண்டைக் காலத்திலை எங்கடை மலையிலை வேறை ஒண்டும் இல்லை. ஒரு மாரி முழுக்க இந்தச் சாமானை மாவாக்கித்தான் திண்டனாங்கள். என்ரை தமையனுக்குக் கால் விளங்காமல் போட்டுது. முதலிலை நுனிக்காலிலை நடந்தவன். குதிக்காலை ஊண்டு ஊண்டு எண்டு அம்மா அடிப்பா, அவனாலை ஏலாது. பேந்து ரெண்டு தடி. சாகுமட்டும் ரெண்டு தடி." சின்யோரா எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். "நீ எத்தனை நாளாய்ச் சாப்பிடுறாய்?"

"இண்டைக்குத்தான்."

"அப்ப உனக்கும் எனக்கும் ஒண்டும் வராது. ஒரு நாளிலை வராது. மாசக்கணக்கிலை திண்டவைக்குத்தான்."

அம்மா மனதுக்குள் என் கணக்கைப் போட்டார். வைகாசியிலிருந்து காலையில் பத்து, பின்னேரம் பத்து. அம்மா கூடைகூட எடுக்காமல் மேலே ஓடி வந்தார். நான் திடுக்கிட்டு எழுந்தேன்.

"நட பாப்பம்."

நடந்தேன். அம்மா எப்படிச் சொல்லித்தந்தாரோ அப்படியே, நுனிக்காலில், கல்தொட்டியிலிருந்து கதவுவரை. அம்மாவின் முகம் போன போக்கு எனக்கு விளங்கவில்லை. பிழை விட்டுவிட்டேனாக்கும் என்று இன்னும் மெதுவாக, இன்னும் உயரமாக நடந்து காட்டினேன்.

"குதிக்காலை ஊண்டு!"

ஊன்றப் பார்த்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நாலு மாதம் நிலத்தில் படாத குதிக்கால் ஒரேயடியாக இறங்குமா? நொந்தது. "ஏலாதம்மா," என்றேன்.

அம்மா கத்தினார். அந்த அறையில் யாரும் எழுப்பிய முதல் சத்தம் அதுதான். என் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியால் இறங்கினார். எட்டு வயது, கால் இரண்டும் அம்மாவின் முழங்காலில் இடித்தன. கையெழுத்து, பெர்மெஸ்ஸோ, விண்ணப்பம், எல்லாவற்றையும் அந்தப் பதினெட்டுப் படியில் அம்மா விட்டுவிட்டு வந்தார். சின்யோராவின் சாப்பாட்டு மேசையில் என்னை இருத்தி, "மீயா ஃபீலியா," என்றார். என்னுடைய மகள். "உதைத் திண்டவள். ரெண்டு மாசமாய்த் திண்டவள். கால் போட்டுது சின்யோரா, காப்பாத்துங்கோ."

சின்யோரா என்னைப் பார்க்கவில்லை. என் காலிலிருந்த காலுறைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

இரண்டாம் மாடியில் அவருடைய தம்பி மகன் இருந்தார், டொத்தோர். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். காலுறைகளை உருவினார், முழங்காலுக்குக் கீழே கைவிளிம்பால் தட்டினார், பாதத்தை மடக்கினார், பெருவிரலைக் கிள்ளினார். நான் கத்தாமல் இருந்ததைப் பார்த்து, "நோகேல்லையோ?" என்று கேட்டார். நோகத்தான் செய்தது. நோகுது என்று தலையை ஆட்டினேன்.

"இவளுக்கு ஒண்டுமில்லை," என்றார் டொத்தோர். "ஒழுங்காய்ச் சாப்பிடுற பிள்ளை கையளவு பச்சைக் காய் திண்டு முடமாகிறதில்லை. வேறை சாப்பாடே இல்லாமல் இதையே திண்டாத்தான் அந்த வருத்தம். எங்கை, நடக்கச் சொல்லு."

நான் மேசையிலிருந்து இறங்கி நடந்தேன். பளிங்குத் தரை குளிர்ந்தது. நுனிக்காலில் ஜன்னல்வரை போய்த் திரும்பினேன். டொத்தோர் நெற்றியைச் சுருக்கினார். ஏன் இப்படி நடக்கிறாள் என்று கேட்டார். அம்மா தமிழில் என்னிடம் கேட்டார்.

"ஏன் பிள்ளை இப்பிடி நடக்கிறாய்?"

"சின்யோராவுக்குக் கேக்கப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"என்ன சொல்லுறாள்?" என்றார் டொத்தோர்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சின்யோரா சொன்னார்: "சொல்லு. பிள்ளை சொன்னதை அப்பிடியே சொல்லு."

அம்மா சொன்னார். தெரிந்த அரைகுறை இத்தாலியில், ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். டொத்தோர் தன் சட்டைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். சின்யோரா கதிரையில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாள்?"

"பங்குனியிலிருந்து."

"நாலு மாசம். என்ரை தலைக்கு மேலை ஒரு குழந்தை நுனிக்காலிலை நடந்திருக்கு. நான் என்ன மிருகமோ? நாலு மாசம் என்னை அப்பிடியொரு மனிசி எண்டு நினைச்சுக்கொண்டுதானே எனக்குச் சாப்பாடு போட்டனீ?"

அம்மா குனிந்து காலுறைகளைப் பொறுக்கினார். ஓம் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?

"நாளைக்கு வேறை இடம் பார்," என்றார் சின்யோரா. தன்னை மிருகம் என்று நினைத்துவிட்டார்களே என்ற வேதனையில் எங்களைத் துரத்திவிட்டார் அந்த மனிசி. என் வயதுக்காரர்களே, இதை நினைத்து நான் சிரித்துமிருக்கிறேன், பல்லைக் கடித்துமிருக்கிறேன். முதல் நாளே அம்மா சொல்லியிருந்தால் வைத்திருப்பாரோ? படிக்கட்டில் பெட்டியை வைத்திருப்பாரோ? இப்போது நானே ஒரு முதிய சின்யோராவைப் பார்த்துக்கொள்கிறேன், அவருடைய மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. அம்மாவின் பயம் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை நுனிக்காலில் நடக்க வைத்ததை மன்னிக்கவும் மனம் வரவில்லை.

எனக்குப் பெர்மெஸ்ஸோ வந்தது அதற்கு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, வேறொரு வீட்டாரின் கையெழுத்தில். கிரேக்கத் தீவொன்றில் இதே கொடியைப் பயிரிட்டு, பருப்பை மசித்து, எண்ணெய் ஊற்றி, விருந்தாளிக்கு வைக்கிறார்களாம். இதையும் மகள்தான் போனில் பார்த்துச் சொன்னாள். அம்மா உயிரோடு இருந்திருந்தால், "அப்ப அது நல்ல கூழ்தான் எண்டு சொல்லு," என்றிருப்பார்.

மறுநாள் காலை ஒரு பெட்டியோடு புறப்பட்டோம். அப்பா வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தார், நேரத்துக்கு வரவில்லை, அதுவும் வழக்கம்தான். சின்யோரா அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மா கதவைச் சாத்தினார். நான் பழக்கத்தில் நுனிக்காலில் முதல் படியில் இறங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மிதிச்சு இறங்கு."

நான் மிதிக்கப் பார்த்தேன். வரவில்லை. குதிக்கால் படியில் பட்டதும் என்னை அறியாமல் மேலே போனது. அம்மா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தானே மிதித்தார். பளார் என்றது பளிங்குப் படி. அடுத்த படி. அடுத்த படி. ஒவ்வொன்றையும் ஓங்கி மிதித்தார். நாலாம் மாடியில் ஒரு நாய் குரைத்தது. இரண்டாம் மாடியில் கதவு திறந்து டொத்தோரின் தலை எட்டிப் பார்த்தது. அம்மா நிற்கவில்லை. முதலாம் மாடியில் என் ஒரு குதிக்கால் படியில் பட்டு, அங்கேயே நின்றது. நொந்தது. அடுத்ததையும் வைத்தேன்.

கீழே காவற்காரர் பத்திரிகையை மடித்துவிட்டு எழும்பி நின்றார். இந்தக் கட்டடத்தில் நான் இருந்ததை அவர் அறியமாட்டார். "யார் இது?" என்று கேட்டார்.

நாலு மாதமாக அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குசுகுசுக்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. அம்மா பெட்டியை வாசலில் இறக்கிவைத்தார். மேல் மாடிவரை கேட்கும் குரலில் என் முழுப் பெயரைச் சொன்னார். காவற்காரருக்கு விளங்கவில்லை, திரும்பக் கேட்டார். அம்மா இன்னொரு தரம் சொன்னார்.